வெளியே போன பாடங்கள்: பல்லூடக வடிவமைப்புப் பட்டம் மாறிய கதை

ஒரு பட்டப்படிப்பு எப்படி வளர்ந்தது என்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதில் புதிதாகச் சேர்ந்த பாடங்களைத்தான் எண்ணுவார்கள். பல்கலைக்கழகங்களுக்கும் அதுவே வசதி. சேர்க்கைக் கையேட்டின் பளபளப்பான பக்கம் எப்போதும் புதிய பாடத்துக்குத்தான். படம், ஒலி, அசைவு, நிரல் ஆகியவற்றை ஒன்றாக இணைக்கும் பல்லூடக வடிவமைப்பு விஷயத்தில் இந்தக் கணக்கு அதிகம் உதவாது. மூன்றாண்டுப் பட்டமோ நான்காண்டுப் பட்டமோ, வகுப்பு மணிநேரம் கூடுவதில்லை. ஒரு பாடம் உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும். இருட்டறைப் புகைப்படம், அச்சுக்கு முந்தைய பணிகள், நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியெடுத்துச் செய்த வீடியோ தொகுப்பு, சிடி-ராம் வட்டுத் தயாரிப்பு, லிங்கோ என்ற நிரல்மொழி, வலைக்கு அசைவுப் படைப்புகள் செய்யும் ஃபிளாஷ் கருவி என்று வெளியே போனவற்றின் பட்டியல் நீளமானது. ஒவ்வொன்றும் போகும்போது, தன் பெயரில் இல்லாத வேறொன்றையும் கூடவே எடுத்துச் சென்றிருக்கிறது. அதைக் கவனித்தால்தான் இந்தப் பட்டம் இன்று ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

தொடக்கத்திலேயே இந்தப் படிப்புக்குச் சொந்தத் துறை என்று ஒன்று இல்லை. 1984இல் மாக்கின்டோஷ் கணினி வந்தது. அடுத்த ஆண்டு பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளும் லேசர் அச்சுப்பொறியும் சேர்ந்து பக்க அமைப்பு வேலையை அச்சகத்திலிருந்து மேசைக்குக் கொண்டுவந்தன. 1987இல் ஆப்பிள் நிறுவனம் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளைத் தன் கணினிகளோடு இலவசமாகத் தந்தது; பொறியாளராக இல்லாத ஆசிரியர்கூடச் சொடுக்கினால் இன்னொரு அட்டைக்குத் தாவும் படைப்பை ஒரு மாலையில் செய்துவிட முடிந்தது. 1990இல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு வெளியானது. இவையெல்லாம் ஆறே ஆண்டுகளில் நடந்தவை. இவற்றைக் கற்பிக்கும் உரிமை தங்களுக்கே என்று மூன்று தரப்பினர் கருதினர்: கலைக் கல்லூரிகள், கணினி அறிவியல் துறைகள், தகவல் தொடர்பியல் துறைகள்.

எந்தத் துறையின் கூரையின்கீழ் பட்டம் போய்ச் சேர்ந்ததோ, அதைப் பொறுத்து முதலாண்டு அமைந்தது. கலைக் கல்லூரியில் சேர்ந்த இடங்களில் முதலாண்டு என்பது பௌஹவுஸ் என்ற ஜெர்மானிய வடிவமைப்புப் பள்ளியின் வழி வந்த அடிப்படைப் பயிற்சிதான். 1919இல் வைமார் நகரில் தொடங்கிய அந்தப் பள்ளியில் ஜோஹன்னஸ் இட்டன் வகுத்த தொடக்கநிலைப் பாடத்தை, 1923க்குப் பிறகு லாஸ்லோ மொஹோய்-நாகியும் ஜோசப் ஆல்பர்ஸும் எடுத்து நடத்தினார்கள். வண்ணம், வடிவம், பொருளின் தன்மை ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பழகிய பிறகே மாணவர் ஒரு சிறப்புத் துறைக்குப் போவார். பள்ளி 1933இல் மூடப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து மொஹோய்-நாகி சிகாகோவில் அதே முறையைப் புதுப்பித்தார். அங்கிருந்தும் வேறு வழிகளிலும் அது உலகெங்கும் உள்ள வடிவமைப்புப் பள்ளிகளின் முதலாண்டாகவே நிலைத்துவிட்டது. கணினித் துறையில் போய்ச் சேர்ந்த பட்டத்திலோ முதலாண்டு நிரல் எழுதுவதும் தரவுக் கட்டமைப்பும். தகவல் தொடர்பியலில் ஊடகக் கோட்பாடும் திரைக்கதை எழுத்தும். ஒரே பெயருள்ள பட்டத்தோடு வெளியே வந்த மூன்று பேர், ஒருவர் வேலையை மற்றவர் மதிப்பிட முடியாத நிலை அன்றே உருவாகிவிட்டது.

இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர முடியும் என்பதை முன்கூட்டியே காட்டியவர்களில் மியூரியல் கூப்பருக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வடிவமைப்பு இயக்குநராக இருந்தவர் அவர். 1970களின் நடுவில் ரான் மெக்நீலுடன் சேர்ந்து விசிபிள் லாங்குவேஜ் ஒர்க்‌ஷாப் என்ற பட்டறையை நடத்தத் தொடங்கினார். அச்சு இயந்திரமும் கணினியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாணவர் தாமே எழுதி, தாமே அடுக்கி, தாமே அச்சிட வேண்டும். இடையில் வேறு கைவினைஞர் கிடையாது. 1985இல் எம்.ஐ.டி.யில் மீடியா லேப் என்ற ஆய்வகம் திறக்கப்பட்டபோது பட்டறை அதன் பகுதியாயிற்று. 1994இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், எழுத்துகள் முப்பரிமாண வெளியில் நிற்க, பார்ப்பவர் அவற்றினூடே பயணிக்கும் செயல்விளக்கம் ஒன்றை அவர் காட்டினார். கணினித் திரையைத் தாளின் நகலாகப் பார்த்துப் பழகிய வடிவமைப்பாளர்களுக்கு அது புதிய காட்சி. இதற்கு முன்பே, 1979இல், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரெட் பர்ன்ஸ் பங்கேற்றுத் தொடங்கிய ஊடாட்டத் தொலைத்தொடர்புத் திட்டமும் இருந்தது. ஆனால் இவை முதுநிலைப் படிப்பும் ஆய்வும் நடந்த இடங்கள். சிறிய எண்ணிக்கையில், பக்குவப்பட்ட மாணவர்கள். பள்ளி முடித்து வரும் பதினெட்டு வயதினர் ஐம்பது அறுபது பேருக்கு இதையே இளநிலைப் பட்டமாகக் கற்பிப்பது வேறு காரியம். 1990களில் பல்கலைக்கழகங்கள் கையில் எடுத்தது அந்தக் காரியத்தைத்தான்.

அந்தப் பத்தாண்டின் முற்பகுதியில் படிப்பின் மையம் சிடி-ராம். கருவி, மேக்ரோமீடியா நிறுவனத்தின் டைரக்டர் மென்பொருள். அதன் மொழியே நாடக மேடையின் மொழி: நடிகர் குழு, மேடை, இசைக்குறிப்பேடு போன்ற காலவரிசை. லிங்கோ என்ற நிரல்மொழி அதற்குள்ளேயே இருந்தது. இன்று இவற்றை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு; டைரக்டரின் விற்பனையே 2017இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தக் காலப் பாடத்தின் உண்மையான ஆசிரியர் மென்பொருள் அன்று, பற்றாக்குறை. வட்டில் ஏறத்தாழ 650 மெகாபைட் இடம் உண்டு என்பது அன்று மலைக்க வைத்த அளவு. அதைப் படிக்கும் முதல் தலைமுறை இயக்கியின் வேகமோ விநாடிக்கு 150 கிலோபைட். திரை 640க்கு 480 புள்ளிகள், பெரும்பாலும் 256 வண்ணங்கள். முழுத்திரை வீடியோ என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தப் படத்தில் எத்தனை வண்ணம் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, எந்த ஒலியை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைத்தால் காட்சி தடுமாறாது, காத்திருக்கும் இரண்டு விநாடிகளில் பார்ப்பவர் கண்ணை எங்கே நிறுத்துவது என்று மாணவர் ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டியிருந்தது. காலத்தை ஒரு வடிவமைப்புப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. பின்னாளில் சிடி-ராம் பாடம் நீக்கப்பட்டபோது அந்தப் பழக்கமும் பாதி போயிற்று. நீக்கியவர்கள் வட்டைத்தான் நீக்கினோம் என்று நினைத்தார்கள்.

வலைத்தளம் வந்தபோது வடிவமைப்புத் துறையினர் கொஞ்சம் முகம் சுளித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1993இல் மொசைக் உலாவி பரவியபோது பக்கத்தை வடிவமைப்பவரால் அதில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கக்கூட முடியாது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் முதல் தரநிலை 1996 டிசம்பரில்தான் வந்தது. அதை உலாவிகள் ஒழுங்காகப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆயின. சிடி-ராமில் ஒலியும் அசைவும் கலந்து செய்துகொண்டிருந்த மாணவருக்கு, சாம்பல் பின்னணியில் நீல இணைப்புகள் கொண்ட பக்கம் ஒரு பின்வாங்கலாகவே தோன்றியிருக்கும். அட்டவணைகளை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்துப் பக்கம் அமைப்பது ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடமாக இருந்த காலம் உண்டு. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஏக்கத்தைத் தீர்த்தது ஃபிளாஷ். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் வெளிவந்த சிறிய வரைகலைக் கருவியை அதே ஆண்டு இறுதியில் மேக்ரோமீடியா வாங்கியது. கோடுகளையும் வளைவுகளையும் கணிதமாகச் சேமித்ததால் கோப்பு சிறியது. தொலைபேசி மோடம் வழியாகவும் அசைவு ஓடியது. 2000இல் ஐந்தாம் பதிப்போடு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி வந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்தாண்டு காலம், பல்லூடக வடிவமைப்புப் பட்டம் என்றால் நடைமுறையில் ஃபிளாஷைச் சுற்றிக் கட்டப்பட்ட பட்டம் என்றே பல இடங்களில் ஆகிவிட்டது. முதலாண்டில் அசைவு, இரண்டாமாண்டில் நிரல், இறுதியாண்டில் பெரிய படைப்பு.

இதைப் பின்னால் நின்று கேலி செய்வது எளிது. ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளை நம்பிப் பட்டத்தையே கட்டியது அறிவீனம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பத்தாண்டில் வகுப்பறையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஒரே மாணவர் படம் வரைந்தார், அதை அசைத்தார், ஒலி சேர்த்தார், பார்ப்பவர் தொட்டால் என்ன ஆக வேண்டும் என்று நிரல் எழுதினார், அன்று மாலையே உலகம் பார்க்க வலையில் ஏற்றினார். இத்தனையும் ஒரே கோப்பில். கூப்பரின் பட்டறையில் சிலர் மட்டும் செய்ததை இளநிலை வகுப்பு முழுவதும் செய்தது. கலை, கணினி, தகவல் தொடர்பு என்ற மூன்று தரப்பும் ஒரு மாணவரின் மேசையில் உண்மையிலேயே சந்தித்தது, என் பார்வையில், அப்போதுதான்.

பிறகு நடந்ததை ஆண்டுகளாக அடுக்கிப் பார்த்தால் பல்கலைக்கழகத்தின் கால அளவுக்கும் தொழிலின் கால அளவுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மை தெரியும். 2005 இறுதியில் அடோபி நிறுவனம் மேக்ரோமீடியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2007 ஜூன் மாதம் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதில் ஃபிளாஷ் இல்லை. அந்த ஆண்டு நான்காண்டுப் பட்டத்தில் சேர்ந்த மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மூன்றாம் ஆண்டை முடிக்கும் தறுவாயில், 2010 ஏப்ரலில், ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷை ஏன் ஏற்கமாட்டோம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே ஈத்தன் மார்கோட், திரையின் அளவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வலைப்பக்கம் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். 2011இல் அந்த மாணவர் பட்டம் பெற்றார். அவர் படித்த ஃபிளாஷின் படைப்புகளை ஓட்டும் பிளேயர் மென்பொருளை 2020 டிசம்பர் 31 அன்று அடோபி கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்ட மறுத்தது. அவருடைய இறுதியாண்டுப் படைப்பை இன்று திறந்து காட்டவே தனி ஏற்பாடு வேண்டும்.

அப்படியானால் 2007லேயே பாடத்தை மாற்றியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மாற்றும் வழி அத்தனை குறுகியதன்று. துறைக்குள் பேச்சு, பாடத்திட்டக் குழு, வெளி வல்லுநர் கருத்து, கல்விப் பேரவையின் ஒப்புதல் என்று ஒரு திருத்தம் நடைமுறைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். வந்தாலும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கே அது பொருந்தும். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பழைய திட்டத்தின்படி முடிக்க உரிமை உள்ளவர்கள். ஆகவே இரண்டு பாடத்திட்டங்கள் மூன்று ஆண்டுகள் பக்கம் பக்கமாக ஓடும். அதே ஆசிரியர்கள்தான் இரண்டையும் எடுக்க வேண்டும். பாடத்தை நீக்குவதற்கு வேறொரு தடையும் உண்டு, அதைக் கூட்டக் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை: அந்தப் பாடத்தையே தன் அடையாளமாகக் கொண்ட ஓர் ஆசிரியர் இருப்பார். கருவியின் பெயரைப் பாடத்தின் பெயராக வைத்த துறைகள் இந்த இடத்தில் அதிகம் அடிபட்டன. பெயரைப் பொதுவாக வைத்து, கருவியை ஆசிரியரின் விருப்பத்துக்கு விட்ட துறைகள் பேரவைக்குப் போகாமலேயே தப்பித்தன.

ஃபிளாஷ் போனபோது அதன் இடத்துக்கு ஒரு கருவி வரவில்லை, மூன்று வந்தன. அசைவு ஒரு பக்கம் போய் மோஷன் கிராபிக்ஸ் எனப்படும் அசையும் வரைகலை ஆனது. விளையாட்டு இன்னொரு பக்கம் போய் யூனிட்டி, அன்ரியல் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில் தங்கியது. வலைப்பக்கம் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்று நிரலாளர் பக்கம் சாய்ந்தது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஆழமானவை. ஒரு மாணவரால் மூன்றையும் தாங்க முடியாது. எனவே பட்டம் கிளை பிரிந்தது. அனிமேஷன், விளையாட்டு வடிவமைப்பு, பயனர் அனுபவம் என்று சில இடங்களில் விருப்பப் பிரிவுகளாக, சில இடங்களில் தனிப் பட்டங்களாகவே. பல பல்கலைக்கழகங்கள் ஊடாட்ட வடிவமைப்பு, டிஜிட்டல் ஊடகம் என்று பெயரையும் மாற்றிக்கொண்டன. திறமை கூடியது உண்மை. ஒரே கையில் எல்லாம் சேரும் அந்த அனுபவம் மட்டும் எந்தக் கிளையிலும் இல்லை. குறிப்பாக ஒலி. வடிவமைப்புப் பாடத்திட்டத்தில் மணிகளைக் குறைக்க வேண்டுமென்றால் எல்லோர் கையும் முதலில் நீள்வது ஒலியை நோக்கித்தான். ஃபிளாஷ் இருந்தவரை அது தனிப் பாடமாக இல்லாவிட்டாலும் படைப்புக்குள் இருந்தது. இப்போது வீடியோ பாடத்தின் இரண்டு வாரங்களில் ஒடுங்கிக் கிடக்கிறது.

இதே காலத்தில் வேறொரு ஓட்டமும் இருந்தது. அது இவ்வளவு பேசப்படவில்லை. கூப்பரின் வேலையால் ஈர்க்கப்பட்ட ஜான் மைடா, மீடியா லேபில் அழகியல்-கணிமைக் குழுவை நடத்தினார். அங்கே படித்த கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் பிராசசிங் என்ற நிரல்சூழலைத் தொடங்கினார்கள். காட்சிக் கலை மாணவர்களுக்காகவே எழுதப்பட்டது அது. இலவசம், திறந்த மூலம். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2001இல் தொடங்கிய ஊடாட்ட வடிவமைப்புக் கழகத்தில் ஹெர்னாண்டோ பாரகான் என்ற மாணவர் தன் முதுநிலை ஆய்வாக வயரிங் என்ற மின்னணுத் தளத்தை உருவாக்கினார். அந்த வழியில் 2005இல் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை பிறந்தது. பிராசசிங் இருபது ஆண்டுகளைக் கடந்தும் வகுப்புகளில் இருக்கிறது. டைரக்டரும் ஃபிளாஷும் ஆண்ட காலத்தையெல்லாம் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் அதன் பெயரைக் காண முடியாது என்பதும் உண்மை. கற்பிப்பதற்கென்றே செய்த கருவி நிலைத்தது, தொழிலுக்கென்று செய்த கருவி போனது. இதிலிருந்து பாடத்திட்டக் குழுக்கள் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இப்போதும் கூட்டத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி, வெளியே நிறுவனங்கள் எதைப் பயன்படுத்துகின்றன என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு 2016க்குப் பிறகு கிடைத்துவரும் பதில் ஃபிக்மா என்ற திரை வடிவமைப்புக் கருவி. உலாவியிலேயே இயங்குவதும், பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்ய முடிவதும் அதன் பலம். 2022இல் அடோபி அதை 2,000 கோடி டாலருக்கு வாங்க முன்வந்து, ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டது. அந்தப் பதினைந்து மாதங்களில் பாடத்திட்டம் திருத்திக்கொண்டிருந்த துறைகளுக்கு மேக்ரோமீடியா ஞாபகம் வந்திருக்கும். ஆய்வகங்களும் மாறிவிட்டன. முன்பு பெரிய திரைகளும் விலையுயர்ந்த மென்பொருளும் உள்ள அறையே இந்தப் பட்டத்தின் அடையாளம். 2013இல் அடோபி தன் மென்பொருள் தொகுப்பை முழுவதும் சந்தா முறைக்கு மாற்றியது. ஒருமுறை வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டும் வழக்கம் முடிந்து, ஒவ்வொரு நிதியாண்டும் கட்ட வேண்டிய செலவாக அது ஆனது. மாணவர்கள் மடிக்கணினியோடு வரத் தொடங்க, அறைகளை நிர்வாகம் திரும்பக் கேட்டது. ஆய்வகம் போனதில் மேசை மட்டும் போகவில்லை. இரவு வரை பக்கத்து மேசைக்காரர் செய்வதைப் பார்த்துக் கற்றதும் போனது.

ஒரு பாடம் மட்டும் இந்தக் கதையில் எதிர்த் திசையில் நகர்கிறது: அணுகல்தன்மை. பார்வை, செவித்திறன், இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் அமைப்பதற்கான வழிகாட்டுநெறிகளின் முதல் பதிப்பு 1999இல் வந்தது, இரண்டாவது 2008இல். ஃபிளாஷ் காலத்தில் இதை மதித்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பொற்காலத்தின் பெரிய கறை அதுதான். இன்று பல நாடுகளில் சட்டமே கேட்பதால் பாடத்திட்டத்தில் இடம் பெற்றுவிட்டது. ஆனாலும் பெரும்பாலும் இறுதியில் ஒரு வாரம், ஒரு சரிபார்ப்புப் பட்டியல் என்ற அளவில். எழுத்துரு, வண்ணம் கற்பிக்கும் முதலாண்டிலேயே இது இருக்க வேண்டும். பின்னணியோடு மாறுபாடு போதாத நிறத்தை மூன்று ஆண்டுகள் பழகிவிட்டு நான்காம் ஆண்டில் தவறென்று சொல்வதில் பயனில்லை.

2022இன் பிற்பகுதியில் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 2023இல் ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே அந்த வசதி நுழைந்தது. இதனால் உடனடியாக ஆட்டம் கண்டது மதிப்பீடு. இறுதிப் படத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை பொருளிழந்தது. ஆகவே துறைகள் கோட்டோவியங்கள், கைவிட்ட முயற்சிகள், நேரில் விளக்கம் ஆகியவற்றைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. பலரும் இதைப் புதுமை என்கிறார்கள். உண்மையில் இது ஸ்டுடியோ வகுப்பின் பழைய விமர்சன அமர்வு: சுவரில் படைப்பை மாட்டிவைத்து, செய்தவர் முன்னிலையில் எல்லோரும் பேசுவது. கட்டடக் கலையிலும் நுண்கலையிலும் நீண்ட காலமாக உள்ள வழக்கம். பல்லூடகப் பட்டங்கள் பெருகி, வகுப்பு பெரிதானபோது, அது கோப்பைப் பதிவேற்றி மதிப்பெண் பெறும் முறையாகச் சுருங்கியது. வெளியே போனவற்றில் இதுவும் ஒன்று, பட்டியலில் இடம்பெறாதது.

திரும்பக் கொண்டுவருவதன் செலவு எளிய கணக்கு. ஒரு மாணவருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் முப்பது பேருக்கு ஏழரை மணி நேரம். செமஸ்டருக்கு நான்கு அமர்வு வைத்தால் ஒரு பாடத்துக்கு முப்பது மணி நேரம். அதுவும் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஒருவரின் ரசனை தீர்ப்பாகாமல் இருக்கும். இந்த மணிகளை எங்கிருந்து எடுப்பது என்ற பேச்சு வரும்போது, கைவரைவதையும் அடிப்படை நிரலையும் குறைக்கலாம், இனி இயந்திரம் அவற்றைச் செய்யும் என்ற யோசனை தவறாமல் எழுகிறது. வரைவதால் வரும் கண்ணும், நிரல் எழுதுவதால் வரும் ஒழுங்கும் வேறு எந்தப் பாடத்தில் கிடைக்கும் என்று அந்த யோசனையை முன்வைப்பவர் முதலில் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் நீக்கலாம். இல்லையென்றால் மென்பொருளின் பெயர் தாங்கிய பாடங்கள் இன்னும் பல பாடத்திட்டங்களில் இருக்கின்றன. வெட்டுவதை அங்கிருந்து தொடங்கலாம்.